"என்றும் உயிருள்ளது" செத்துப்போன கதை

2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி. கொரோனா ஊரடங்கில் உலகத்தில் பாதிக் கார்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் டொயோட்டாவின் பிரிட்டன் கிளை தன் ஹைபிரிட் வாடிக்கையாளர்களுக்கு ஒரு யோசனை சொன்னது. வாரம் ஒரு முறையாவது காரில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தி, "ரெடி" விளக்கு எரிந்ததும் சுமார் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு அணையுங்கள். ஓட்டக்கூட வேண்டாம், உயிரோடு வைத்திருந்தால் போதும்.

கேட்பவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். சாதாரண பெட்ரோல் காரில் இருப்பது ஒரு பேட்டரி. ஹைபிரிட்டில் இருப்பதோ இரண்டு, அதில் ஒன்று இருநூறு வோல்ட் பூதம். இத்தனை மின்சாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும் கார், சும்மா நிறுத்தினால் மற்ற கார்களை விடவும் சீக்கிரம் படுத்துவிடும் என்றால் எப்படி? இதற்குப் பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

உலகின் முதல் ஹைபிரிட் கார்களில் ஒன்றை 1900-இல் உருவாக்கியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஆமாம், பிற்காலத்தில் அந்தப் பெயரில் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி வந்ததே, அவரேதான். அப்போது அவர் வியன்னாவில் லோனர் என்ற கோச்சு வண்டித் தொழிற்சாலையில் இளம் பொறியாளர். அவர் முதலில் செய்த மின்சாரக் காரில் ஈய பேட்டரி மட்டும் 410 கிலோ எடை! அவ்வளவையும் சுமந்து வெகுதூரம் போக முடியவில்லை. எனவே பேட்டரியைக் குறைத்து, கூடவே இரண்டு சின்ன பெட்ரோல் இன்ஜின்களையும் ஜெனரேட்டர்களையும் ஏற்றினார். ஓடும்போதே சார்ஜ் ஆகும் கார். அதற்கு வைத்த லத்தீன் பெயர் "செம்பெர் விவுஸ்". அதாவது "என்றும் உயிருள்ளது".

பெயர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஈய பேட்டரி. ஈய பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் அப்படியே நிறுத்தி வைத்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்களாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் எல்லாம் கரையாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அது என்றும் உயிருள்ளது!

பெட்ரோல் மலிவானதும் ஹைபிரிட் யோசனையே மறக்கப்பட்டது. ஆனால் ஈய பேட்டரி போகவில்லை. 1912-இல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது, அந்த பேட்டரி எல்லா பெட்ரோல் கார்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அப்போதும் மாற்று வழி இருந்தது. பேட்டரி இறங்கினால் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றலாம். நம் அம்பாசிடரில்கூட அதற்கான ஓட்டை இருந்தது. அதுவும் இல்லையென்றால் நாலு பேரைக் கூப்பிட்டு "தள்ளு தள்ளு" என்றால் வேலை முடிந்தது. இந்தத் தள்ளு ஸ்டார்ட் விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இனி 1990-களின் ஜப்பான். 1993-இல் டொயோட்டா "ஜி21" என்ற பெயரில் இருபத்தோராம் நூற்றாண்டுக்கான கார் ஒன்றைத் திட்டமிட்டது. தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாதா. 1995 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் வைத்த மாதிரிக் காரில் பேட்டரியே கிடையாது, கெப்பாசிட்டர்தான். அதே வருடக் கடைசியில் உண்மையான சோதனைக் காரைக் கட்டி முடித்தபோது அது நகரவே மறுத்தது. 49 நாட்கள்! கடைசியில் நகர்ந்தபோது போன தூரம் சுமார் 500 மீட்டர். இந்தக் கதையை டொயோட்டாவே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஜெயித்த பிறகு சொல்வதால் பெருமை. தோற்றிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

காருக்கு என்ன பேட்டரி போடுவது என்பது பெரிய கேள்வி. ஈயம் கனம். லித்தியம் அப்போது கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் வந்திருந்த குழந்தை. நடுவில் இருந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஓவ்ஷின்ஸ்கியின் ஓவோனிக் நிறுவனம் 1980-களில் வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் அது. 1996 டிசம்பரில் டொயோட்டாவும் மட்சுஷிதாவும் சேர்ந்து "பானசோனிக் ஈ.வி. எனர்ஜி" என்று ஒரு கூட்டு நிறுவனமே தொடங்கின. சரியாக ஒரு வருடம் கழித்து, 1997 டிசம்பரில் ப்ரியஸ் விற்பனைக்கு வந்தது. விலை 21 லட்சத்து 50 ஆயிரம் யென். உள்ளே டார்ச் லைட் செல் அளவில் 240 செல்கள் வரிசையாகக் கோர்த்து 288 வோல்ட். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் இது 168 செல்கள், 201.6 வோல்ட் என்று சுருங்கியது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு நல்ல உழைப்பாளி. சூட்டையும் குளிரையும் ஓரளவு தாங்கும், ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி வேலை வாங்கலாம். ப்ரியஸின் கம்ப்யூட்டர் அதை முழுக்க நிரப்பவும் விடாது, முழுக்கக் காலியாக்கவும் விடாது. ஏறக்குறைய 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவிலேயே வைத்திருக்கும். டாக்ஸியாக ஓடிய ப்ரியஸ்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

ஆனால் இந்த உழைப்பாளிக்கு ஒரு கெட்ட குணம். சும்மா இருக்கத் தெரியாது. எதிலும் இணைக்காமல் வைத்தாலும் உள்ளுக்குள்ளேயே சார்ஜ் கசிந்துகொண்டிருக்கும். பழைய வகை செல்கள் என்றால் சாதாரண வெப்பநிலையிலேயே மாதத்துக்கு இருபது, முப்பது சதவீதம்கூட இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகம். (கசிவைக் குறைத்த "எனிலூப்" செல்களை சான்யோ கொண்டுவந்ததே 2005-இல்தான்.)

கசிவு மட்டும் என்றால் பரவாயில்லை. எல்லா செல்லும் ஒரே வேகத்தில் கசியாது என்பதுதான் சிக்கல். 168 பேர் கைகோர்த்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் கொஞ்சம் பலவீனம். தினமும் ஓடும் காரில் அது வெளியே தெரியாது. ஆறு மாதம் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் அவன் காலி, மற்றவர்களிடம் கொஞ்சம் மிச்சம். அந்த நிலையில் கார் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இழுத்தால், வரிசையில் இருப்பதால் காலியான செல் வழியாகவும் அதே மின்சாரம் ஓடியாக வேண்டும். அப்போது அந்த செல்லின் துருவமே தலைகீழாகிவிடும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது என்றே பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். நீண்ட நாள் நிறுத்தம் பெரிய பேட்டரியைக் கொல்லும் விதம் இதுதான்.

இதனால்தான் ப்ரியஸின் கையேட்டிலேயே ஒரு வரி உண்டு. பயன்படுத்தாவிட்டாலும் சில மாதங்களுக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் அல்லது 16 கிலோமீட்டர் ஓட்டுங்கள், முழுக்க இறங்கிவிட்டால் டீலரைக் கூப்பிடுங்கள் என்று. முதல் தலைமுறையில் அந்த "டீலரைக் கூப்பிடுங்கள்" என்பது லேசான காரியமில்லை. பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டொயோட்டாவின் தனிச் சார்ஜர் வேண்டும். அது எல்லா டீலரிடமும் இருந்த பொருள் அல்ல. சார்ஜ் ரொம்பக் குறைந்தால் டாஷ்போர்டில் ஒரு ஆமை விளக்கு எரியும். "இனி மெதுவாகத்தான் போவேன்" என்று அர்த்தம். ஆமையையும் மதிக்காமல், பெட்ரோல் தீர்ந்த காரை மின்சாரத்திலேயே உருட்டிப் பார்த்தவர்கள் அந்தச் சார்ஜருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, அப்படியானால் நிறுத்தி வைத்த ஹைபிரிட் கிளம்பவில்லை என்றால் பெரிய பேட்டரிதான் குற்றவாளியா? இங்கேதான் கதை திரும்புகிறது. பெரும்பாலும் இல்லை. குற்றவாளி, கெட்டரிங் காலத்திலிருந்து காருக்குள் உட்கார்ந்திருக்கும் அதே 12 வோல்ட் ஈய பேட்டரி.

ப்ரியஸை அணைத்தவுடன் பெரிய பேட்டரியைக் காரின் மற்ற பாகங்களிலிருந்து ரிலேக்கள் துண்டித்துவிடும். பாதுகாப்புக்காகத்தான். விபத்து நடந்தாலோ, மெக்கானிக் கை வைத்தாலோ இருநூறு வோல்ட் வெளியே இருக்கக் கூடாது. மறுபடி அந்த ரிலேக்களை மூடவும், கம்ப்யூட்டர்களை எழுப்பவும் தேவைப்படுவது 12 வோல்ட். அது இல்லையென்றால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் பயனில்லை. பெட்டகம் நிறையப் பணம் இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது என்கிற நிலைதான்.

தள்ளு ஸ்டார்ட்? அதுவும் முடியாது. ப்ரியஸில் தனி ஸ்டார்ட்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. பெட்ரோல் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார்தான். நாலு பேர் என்ன, ஊரே சேர்ந்து தள்ளினாலும் கார் உருளுமே தவிர கிளம்பாது. ஹோண்டா இந்த விஷயத்தில் வேறு மாதிரி யோசித்தது. 1999-இல் வந்த இன்சைட்டில் பெரிய பேட்டரியோடு பழைய 12 வோல்ட் ஸ்டார்ட்டரையும் விட்டுவைத்தார்கள். கடுங்குளிரிலோ, பெரிய பேட்டரி இறங்கிய நேரத்திலோ அந்தக் கிழவன் கைகொடுப்பான். டொயோட்டாவின் வடிவமைப்பு அழகானது, ஹோண்டாவினது அழகில்லாதது. ஆனால் மூன்று மாதம் பூட்டிக் கிடந்த கொட்டகையில் எது மேல் என்று கேட்டால் பதில் வேறு.

இன்ஜினைச் சுழற்றும் வேலை இல்லாததால் ப்ரியஸின் 12 வோல்ட் பேட்டரியைச் சின்னதாகவே போட்டார்கள். அதே சமயம் அதன்மேல் ஏறிய சுமை கூடியது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டே கதவு திறக்கும் வசதி, அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர்களின் நினைவகம் என எல்லாமே கார் தூங்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். அதற்குச் சார்ஜ் கொடுக்கும் கன்வெர்ட்டரோ கார் "ரெடி" நிலையில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். சில வாரம் நிறுத்தினால் சின்ன பேட்டரி இறங்குவதில் ஆச்சரியம் என்ன?

இரண்டாம் தலைமுறையில் இன்னொரு கூத்து. அந்தச் சின்ன பேட்டரி காரின் பின்பக்கம், டிக்கிக்குள். டிக்கியின் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. அதாவது, பேட்டரி இறங்கினால் பேட்டரி இருக்கும் இடத்தைத் திறக்க முடியாது! இதற்காகவே முன்பக்க பானெட்டுக்குள், பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட ஒரு முனையை வைத்திருந்தார்கள். வேறு காரிலிருந்து வயர் கொடுக்க வேண்டியது அங்கேதான். ப்ளஸ் மைனஸை மட்டும் மாற்றிக் கொடுத்தால் முக்கிய பியூஸ் போவதோடு, விலை உயர்ந்த மின்னணுப் பாகங்களும் கூடப் போகலாம்.

பணக் கணக்கு வருவது இந்த இடத்தில்தான். 12 வோல்ட் அரைகுறையாக இறங்கியிருக்கும்போது காரை எழுப்ப முயன்றால், கம்ப்யூட்டர்கள் பாதி விழித்து, சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும். டாஷ்போர்டு முழுக்கக் கார்த்திகை தீபம். அதில் ஹைபிரிட் எச்சரிக்கையும் இருந்தால் உரிமையாளர் பயந்துவிடுவார். அமெரிக்காவில் 2008 வாக்கில் ப்ரியஸின் பெரிய பேட்டரி விலை சுமார் 2,500 டாலர், பொருத்தும் கூலி தனி. சின்ன பேட்டரியின் விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எது பழுது என்று சொல்பவரே அதை விற்பவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பொருளாதாரப் பாடப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இதில் வேடிக்கை, பிழைக் குறியீட்டின் பெயர். பெரிய பேட்டரியின் பகுதிகளுக்குள் வோல்ட்டேஜ் வித்தியாசம் அதிகமானால் கம்ப்யூட்டர் "பி0ஏ80" என்ற குறியீட்டைக் காட்டும். இது டொயோட்டா வைத்த பெயரல்ல, வாகனத் துறைக்கே பொதுவான பட்டியலில் உள்ளது. அதன் விளக்கம் என்ன தெரியுமா? "ஹைபிரிட் பேட்டரித் தொகுப்பை மாற்றவும்." என்ன கோளாறு என்று சொல்லவில்லை, என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிறது! ஜுரத்துக்குப் பெயரே "ஆபரேஷன் செய்க" என்று வைத்த மாதிரி.

இந்தக் குறியீடு எப்போதும் பொய் சொல்வதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். துருவம் மாறிச் செத்த செல்லை எந்த வித்தையாலும் எழுப்ப முடியாது. ஆனால் நாளெல்லாம் ஓடிய காரில் இந்தக் குறியீடு வருவதும், எட்டு மாதம் நின்ற காரில் வருவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் பல செல்கள் சாகவில்லை, மட்டம் மாறிப்போயிருக்கின்றன, அவ்வளவுதான். மிகக் குறைந்த மின்சாரத்தில் பல மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால், நிறைந்த செல்கள் மிச்சத்தை வெப்பமாகக் கழித்துவிடும், காலியான செல்கள் எட்டிப் பிடித்துவிடும். இந்த வேதியியலை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வெளியே இருந்த மெக்கானிக்குகள் ஒரு தொழிலையே உருவாக்கினார்கள். தொகுப்பைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஏற்றி இறக்கிச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றுவது. (வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. ஆரஞ்சு நிற வயர்கள் ஓடும் இடமெல்லாம் ஆளைக் கொல்லும் மின்சாரம். பாதுகாப்பு பிளக்கைக் கழற்றிய பிறகும் பேட்டரித் தொகுப்புக்குள் அது அப்படியேதான் இருக்கும்.) ஒன்றை மாற்றினால் ஆறு மாதத்தில் பக்கத்து செல் போகும் என்று இதை ஏளனம் செய்பவர்களும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது, ஒரே வயதுக்காரர்கள்தானே எல்லாரும்.

அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் வைத்திருந்த வரிசை மட்டும் எளிமையானது. நின்றுபோன ஹைபிரிட் வந்தால் முதலில் மல்டிமீட்டரை எடுத்து 12 வோல்ட்டைப் பார். 12.6 என்றால் நிறைவு, 12-க்கும் கீழே போனால் சந்தேகம். அதைச் சரிசெய்துவிட்டு, குறியீடுகளை அழித்துவிட்டு, மறுபடி வருகிறதா என்று பார். அப்புறம்தான் பெரியவனிடம் போ. இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் மீட்டர்கூட வேண்டாம். திரைக்குப் பக்கத்திலுள்ள ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே விளக்கை மூன்று முறை போட்டு அணைத்தால் மறைந்திருக்கும் சோதனைப் பக்கம் வரும், அதில் வோல்ட்டேஜ் தெரியும். இந்த வசதியை உரிமையாளருக்குச் சொல்லாமல் மறைத்து வைத்தது ஏன் என்பது டொயோட்டாவுக்கே வெளிச்சம்.

இந்த அறிவு பெரிதாகக் கைகொடுத்த நாடு என்று இலங்கையைச் சொல்லலாம். வரிச் சலுகை இருந்த வருடங்களில் ப்ரியஸும் அக்வாவும் வெசலும் ஜப்பானிலிருந்து அங்கே வந்து குவிந்தன. அவற்றில் பல ஏற்கெனவே ஓடிப் பழகிய வண்டிகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. கூடவே ஊரடங்கு. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 2022-இல் எரிபொருள் நெருக்கடி. அந்த வருடம் ஜூன் கடைசியிலிருந்து சுமார் இரண்டு வாரம் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள், பிறகு கியூஆர் அட்டையில் வாரக் கணக்கு. பெட்ரோலைச் சேமிக்கவென்று வாங்கிய கார், பெட்ரோல் இல்லாமல் வாசலில் நின்றது. வெயிலில் நின்றது. நிக்கல் பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட சூழ்நிலை இருக்க முடியாது. புதுக் காரும் வாங்க முடியாது, டாலர் ஏறிய விலையில் புதுப் பேட்டரியும் எட்டாக்கனி. செல் மாற்றிக் கொடுக்கும் சின்னக் கடைகள் அங்கே எவ்வளவு முக்கியமாயின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தனியார் வாகன இறக்குமதிக்கு மறுபடி வழி திறந்தது 2025-இல்தான்.

கார் கம்பெனிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. பெரிய பேட்டரி மெல்ல லித்தியத்துக்கு மாறியது. லித்தியம் மாதத்துக்கு மிகச் சிறிய அளவே கசியும், எனவே பழைய கவலையில் பாதி போயிற்று. சின்ன பேட்டரி விஷயத்தில் துணிந்து கை வைத்தது கொரிய ஹூண்டாய். 2016-இல் வந்த ஐயோனிக் ஹைபிரிட்டில் தனி ஈய பேட்டரியையே எடுத்துவிட்டு, 12 வோல்ட்டையும் லித்தியமாக்கி, பெரிய பேட்டரியோடு ஒரே பெட்டியில் வைத்தார்கள். அது ஓரளவுக்குக் கீழே இறங்கினால் தானாகவே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும்போதே! ஓட்டுநருக்கு எதிரில் "12வி ரீசெட்" என்று ஒரு சின்ன பட்டன். அதை அழுத்திவிட்டு உடனே காரைக் கிளப்பினால் போதும், வயரும் வேண்டாம், பக்கத்து வீட்டுக் காரும் வேண்டாம். 1912-இன் கைப்பிடிக்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து வந்த வாரிசு அது.

டொயோட்டா அந்த வழியில் போகவில்லை. 2022 கடைசியில் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை ப்ரியஸில் பெரிய பேட்டரி லித்தியம்தான். பக்கத்திலேயே தனியாக அந்த 12 வோல்ட் ஈய பேட்டரியும் இருக்கிறது.